மூன்று ‘இல்லை’கள், ஓர் அக்குபங்சர் பில்

கேள்வி: மேடம், நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ், பிபிஓ பிளான் (நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் ஓரளவு தரும்). இடுப்பு வலிக்காக அக்குபங்சர் (மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை) போக ஆரம்பித்தேன். அந்த அக்குபங்சரிஸ்ட் நெட்வொர்க்கில் இல்லை, அதாவது இன்சூரன்ஸோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லை. ஒரு தடவைக்கு 130 டாலர் கையிலிருந்து கட்டிவிட்டு, அவர் தரும் சூப்பர்பில்லை (நோய், சிகிச்சை எண்கள் உள்ள விவர ரசீது) நானே இன்சூரன்ஸுக்கு அனுப்புகிறேன். பத்து தடவை போயாயிற்று, 1,300 டாலர் போயிற்று, ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. முதல் நான்குக்கு “68 டாலர் அனுமதி, டிடக்டபிளில் சேர்க்கப்பட்டது” என்று வந்தது (டிடக்டபிள் என்பது இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்கும் முன் நாங்களே ஏற்க வேண்டிய தொகை). அடுத்த மூன்றுக்கு “டயக்னோசிஸ் கோட் (நோயைக் குறிக்கும் எண்) செல்லாது”. கடைசி மூன்று தடவை தூக்கமின்மைக்காகப் போனேன். அதற்கு “இந்த நோய்க்குக் கவரேஜ் இல்லை”. கிளினிக்கில் கேட்டால், “வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் இடுப்பு வலி என்றே போட்டுத் தருகிறேன்” என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? இன்னொன்று: நான் 45 நிமிடம் படுத்திருக்கிறேன், பில்லில் இரண்டு யூனிட், அதாவது 30 நிமிடம்தான் இருக்கிறது. மூன்றாவது யூனிட் போடச் சொல்லலாமா? நெட்வொர்க்குக்கு வெளியே டிடக்டபிள் 500, அதற்குமேல் 60 சதவீதம் தருவார்கள். நெட்வொர்க்குக்குள் போனால் ஒரு தடவைக்கு 40 டாலர் கோ-பே, அதாவது எங்கள் பங்கு. கணவர் எஃப்எஸ்ஏவில் (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இந்த வருஷம் 1,500 டாலர் போட்டிருக்கிறார், இன்னும் தொடவில்லை. கூடவே இருக்கும் மாமியாருக்கு 69 வயது, மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) இருக்கிறது. முழங்கால் வலி, இடுப்பு வலி இரண்டும் உண்டு. அதே அக்குபங்சரிஸ்ட் “மெடிகேர் எடுப்பதில்லை, கேஷ்தான்” என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்:

உங்கள் கடிதத்தோடு வந்த பத்து ஈஓபிகளையும் (இன்சூரன்ஸ் ஒவ்வொரு கிளெய்முக்கும் அனுப்பும் விளக்கத் தாள்) வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே கட்டாகப் பார்த்தால் பத்தும் ‘இல்லை’தான். ஆனால் அவை மூன்று வேறு வேறு ‘இல்லை’. முதல் நான்கும் உண்மையில் ‘இல்லை’யே இல்லை. அடுத்த மூன்று, தாளில் உள்ள பிழை. கடைசி மூன்றுதான் நிஜமான மறுப்பு. எது எந்த ரகம் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பில்லிங் தொழிலில் முதலில் கற்றுத் தருவதும் இதைத்தான். நான் இந்த வேலையைக் கற்றது சென்னையில். ராத்திரி கேப் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிய விடிய ‘கேத்தி’ என்ற பெயரில் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு, “இந்த கிளெய்ம் ஏன் டினை ஆயிற்று?” என்று கேட்கும் ஏஆர் காலர் (வராத பில் பணத்தைத் துரத்துபவர்) நான். இன்றைக்கும் உங்கள் டாக்டர் பில் எதற்காவது பணம் வந்திருந்தால், அதற்காக அந்த ஊரில் யாராவது தூக்கம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் சூப்பர்பில்லுக்கு மட்டும் அந்த ஆள் இல்லை, நீங்களே காலர்.

முதல் நான்கைப் பார்ப்போம். நீங்கள் கட்டியது 130, இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டது 68. மீதி 62 டாலரை அது கணக்கிலேயே எடுக்காது. நான்கு தடவைக்கு 272 டாலர் உங்கள் 500 டாலர் டிடக்டபிளில் ஏறியிருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்: “520 டாலர் கட்டினேனே, டிடக்டபிள் முடிந்திருக்க வேண்டுமே” என்பார்கள். முடியாது. ஏறுவது நீங்கள் கட்டிய தொகை அல்ல, அவர்கள் அனுமதித்த தொகை. அதனால் அந்த நான்கில் சண்டை போட எதுவும் இல்லை.

அடுத்த மூன்று. அந்த மூன்று வாரமும் பில்லில் கையெழுத்து வேறொருவருடையது, கவனித்தீர்களா? டயக்னோசிஸ் இடத்தில் எம் 54.5 என்று மட்டும் இருக்கிறது. பல வருஷம் இடுப்பு வலிக்கு எல்லோரும் போட்ட எண் அது. 2021 அக்டோபர் 1 முதல் அது தனியாகச் செல்லாது, எம் 54.50, 54.51, 54.59 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் வழக்கமான அக்குபங்சரிஸ்ட் எம் 54.59 என்று சரியாகப் போட்டிருக்கிறார். அவருக்குப் பதில் வந்தவர் பழைய படிவத்தை எடுத்து நிரப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கடைசியில் ஓர் இலக்கம் குறைந்தால் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிடும், மனிதர் யாரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இதற்கு அப்பீல் எழுதாதீர்கள். அப்பீல் என்பது ‘உங்கள் முடிவு தப்பு’ என்று வாதாடுவது. இங்கே தப்பு நம் பக்கம். கிளினிக்கில் திருத்திய சூப்பர்பில் வாங்கி, பழைய கிளெய்ம் எண்ணை மேலே குறித்து, ‘திருத்தப்பட்டது’ என்று எழுதி மறுபடி அனுப்புங்கள். புது கிளெய்ம்போல அனுப்பினால் ‘டூப்ளிகேட்’ என்று இன்னொரு ‘இல்லை’ வரும். தாமதிக்க வேண்டாம், நாமே அனுப்பும் கிளெய்முக்கு ஒவ்வொரு பிளானிலும் ஒரு கடைசித் தேதி உண்டு.

எந்த எண்ணைப் போடுவது என்று நீங்கள் சொல்லக்கூடாது. அன்றைக்கு ஊசி போட்டவர் தன் நோட்டில் எழுதியதைப் பார்த்து அவர் போட வேண்டும். இது ஏன் முக்கியம் என்பது மூன்றாவது ரகத்துக்கு வந்தால் புரியும்.

தூக்கமின்மைக்குப் போன மூன்று தடவை. உங்கள் பிளானில் அக்குபங்சருக்குக் கவரேஜ் இருக்கிறது, ஆனால் வலிக்கும் குமட்டலுக்கும் மட்டும். இது அவர்கள் உங்களுக்கென்று கண்டுபிடித்த விதி இல்லை. 1997 நவம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கீமோவுக்குப் பின்னும் வரும் குமட்டலுக்கும், பல் அறுவைக்குப் பின் வரும் வலிக்கும் அக்குபங்சர் பலன் தருவதாகச் சான்று இருக்கிறது என்றது. தலைவலி, இடுப்பு வலி போன்ற சிலவற்றுக்குத் துணையாக உதவலாம் என்றது. பல இன்சூரன்ஸ் பட்டியல்களில் இன்றும் அந்தச் சாயல் தெரியும். உங்கள் பிளான் பட்டியலில் தூக்கம் இல்லை.

இப்போது கிளினிக்கில் சொன்ன அந்த ‘உதவி’. எல்லாவற்றையும் இடுப்பு வலி என்று போட்டுத் தருவது. வாங்காதீர்கள்.

நல்ல மனசோடு சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. பத்து தடவை பார்த்துப் பழகிய பேஷன்ட், பணம் வரவில்லையே என்ற ஆதங்கம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஹெல்த்கேர் மோசடி. தனியார் இன்சூரன்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் கூட்டரசுச் சட்டம், 10 வருஷம் வரை சிறை. இருநூறு டாலருக்குக் குறைந்த தொகைக்காக யாரும் உங்களைக் கைது செய்ய வரப்போவதில்லை என்று நீங்களும் நினைக்கலாம், நானும் நினைக்கிறேன். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அன்றைய சிகிச்சை நோட்டைக் கேட்கலாம். நோட்டில் ‘தூக்கம் வரவில்லை’ என்றும் பில்லில் ‘இடுப்பு வலி’ என்றும் இருந்தால் அக்குபங்சரிஸ்டின் லைசென்ஸுக்கே ஆபத்து. ஒன்றில் சிக்கினால் அவருடைய மற்ற பேஷன்ட்களின் பில்களையும் தோண்டுவார்கள்.

எம் 54.5-ஐ எம் 54.59 ஆக்குவதும் பேனாவால் ஓர் எண்ணை மாற்றுவதுதான். தூக்கமின்மையை இடுப்பு வலி ஆக்குவதும் அதே பேனாதான். முன்னது திருத்தம், பின்னது பொய். பிரித்துப் பார்க்க ஒரே ஒரு வழி இருக்கிறது: அன்றைக்கு எழுதிய நோட்டு. நோட்டில் இருப்பது பில்லில் விட்டுப்போயிருந்தால் சேர்க்கலாம். நோட்டில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது.

அதனால் உங்களுக்கு ஒரு நேர்மையான கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கடைசி மூன்று நாளும் இடுப்புக்கும் ஊசி போட்டார்களா? வலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுதினார்களா? அப்படியிருந்து, பில்லில் மட்டும் தூக்கமின்மை ஒன்றையே போட்டிருந்தால், இரண்டையும் காட்டும் பில்லைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். “இடுப்பு வலின்னு போட்டுக் கொடுங்க” என்று கேட்காதீர்கள். “அந்த மூணு நாள் நோட்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். தூக்கத்துக்கு மட்டும்தான் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். 180 நாளுக்குள் அப்பீல் போகலாம், வழி திறந்திருக்கிறது. ஆனால் பிளான் புத்தகத்திலேயே இல்லாத ஒன்றுக்குப் போகும் அப்பீல் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ‘மருத்துவ ரீதியாகத் தேவையில்லை’ என்று மறுத்திருந்தால் கதை வேறு. அப்போது டாக்டர் கடிதம், முன்னேற்றக் குறிப்பு எல்லாம் வைத்து வாதாடலாம், வெளியார் மறுஆய்வுக்கும் போகலாம்.

சில மாநிலங்களில் அக்குபங்சரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார்கள். கலிபோர்னியாவில் தனிநபர், சிறு நிறுவன பிளான்களில் அப்படி உண்டு. உங்கள் கணவரின் பிளானில் முதல் பக்கத்திலேயே ‘செல்ஃப்-ஃபண்டெட்’ என்று இருக்கிறது. கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருந்தாலும் பணம் கணவரின் கம்பெனியுடையது. இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை மட்டுமே. கம்பெனிகள் ஊழியருக்குத் தரும் பிளான்களுக்கான 1974-ஆம் வருஷத்து எரிசா என்ற கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வரும் இந்தப் பிளான்களை மாநில விதிகள் கட்டுப்படுத்தாது. இதில் ஒரு நல்லதும் இருக்கிறது: அடுத்த வருஷத்துக்குத் தூக்கமின்மையைச் சேர்க்க முடியுமா என்று கணவர் ஹெச்ஆரிடமே கேட்கலாம். முடிவெடுப்பது அவர்கள்தான்.

45 நிமிடக் கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டவர்கள் நிறைய, கோபமாகக் கேட்டவர்களும் நிறைய. 2005 ஜனவரியிலிருந்து அக்குபங்சருக்கு பில்லில் போடும் சிகிச்சை எண்கள் நான்கு இருக்கின்றன. மின்சாரத் தூண்டல் இல்லாமல் என்றால் முதல் 15 நிமிடத்துக்கு 97810, கூடுதல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 97811. ஊசியில் கரண்ட் வைத்தால் 97813, 97814. இந்த 15 நிமிடம் நீங்கள் படுத்திருக்கும் நேரம் அல்ல. அவர் உங்கள் பக்கத்தில் நின்று உங்களுக்காகச் செலவிடும் நேரம். விசாரிப்பது, நாடி பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது, ஊசி போடுவது, எடுப்பது எல்லாம் அதில் சேரும். ஊசியை வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, புல்லாங்குழல் பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த ரூமுக்குப் போகிறாரே, அந்த நேரம் சேராது. இரண்டாவது யூனிட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஊசியை மறுபடி குத்தியிருக்க வேண்டும். முதலில் குப்புறப் படுக்கவைத்து, பிறகு திருப்பிப் போட்டு மறுபடி குத்தினார் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டு யூனிட் நியாயம். மூன்றாவது கேட்டால் நீங்கள் தூங்கிய நேரத்துக்கு பில் கேட்பதாக ஆகும். (தூக்கம் வராமல் போனவருக்கு அந்த மேசையில் தூக்கம் வந்ததே, அதை வேண்டுமானால் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

சரி, பணம். திருத்திய மூன்று பில்லும் பாஸ் ஆனால் என்ன வரும்? ஒன்றும் வராது. மூன்று 68, மொத்தம் 204. ஏற்கெனவே ஏறிய 272-ஓடு சேர்ந்து 476. டிடக்டபிள் 500. இன்னும் 24 டாலர் பாக்கி. இவ்வளவு படித்த பிறகு இதைச் சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள். நீங்கள் அங்கேயே தொடர்ந்து போவதாக இருந்தால்தான் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பு. இந்த வருஷமே இன்னும் எட்டு தடவை இடுப்பு வலிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,040 டாலர் கட்டுவீர்கள். அனுமதித் தொகை 544, அதில் 24 டிடக்டபிளுக்கு, மீதி 520-க்கு 60 சதவீதம், 312 டாலர் திரும்பி வரும். திருத்தாமல் விட்டால் 189 டாலர் 60 சென்ட்தான் வரும். ஆக அந்த மூன்று பில்லைத் திருத்துவதால் வரும் லாபம் 122 டாலர் 40 சென்ட், அதுவும் வருஷம் முடிவதற்குள். பிளான் வருஷம் மாறினால் டிடக்டபிளில் ஏறியது பழையபடி பூஜ்யம்.

அதே எட்டு தடவை நெட்வொர்க்கில் இருப்பவரிடம் போனால்? கோ-பே எட்டு நாற்பது, 320 டாலர். இங்கே 312 திரும்பி வந்தும் உங்கள் கைச்செலவு 728. கை ராசி, பழக்கம் என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு 408 டாலர் தரலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் நெட்வொர்க் ஆளிடம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன்.

போவதற்கு முன் கார்டின் பின்பக்க எண்ணுக்கு போன் போடுங்கள். “அக்குபங்சர் கவர் ஆகுமா?” என்று கேட்காதீர்கள், “ஆகும்” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பித்தான் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். “97810, டயக்னோசிஸ் எம் 54.59, லைசென்ஸ்டு அக்குபங்சரிஸ்ட் செய்தால் கவர் ஆகுமா, வருஷத்துக்கு எத்தனை விசிட், இதுவரை எத்தனை கழிந்தது, முன் அனுமதி வேண்டுமா?” என்று எண்களோடு கேளுங்கள். கழிந்த விசிட் கணக்கைக் கேட்க மறக்காதீர்கள். டிடக்டபிளில் போன நான்கையும் வருஷ எண்ணிக்கையில் கழிக்கும் பிளான்கள் உண்டு. பேசி முடித்ததும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிப் பேசியவர் பெயரோடு எழுதி வையுங்கள். சென்னையில் அந்த எண் வாங்காமல் போனை வைத்தால் எங்கள் டீம் லீடர் அந்த காலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

உங்கள் பணம் உண்மையில் வரப்போகும் வழி, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. எஃப்எஸ்ஏ. அக்குபங்சர் கட்டணத்தை மருத்துவச் செலவாக வரித்துறையான ஐஆர்எஸ் தன் 502-ஆம் வெளியீட்டிலேயே பெயர் சொல்லிப் போட்டிருக்கிறது. நோய்க்கான சிகிச்சை என்றால் போதும், இடுப்பா தூக்கமா என்ற பாகுபாடு இல்லை. இன்சூரன்ஸ் தராத 1,300 டாலரையும் அதிலிருந்து எடுக்கலாம். 130-க்கும் 68-க்கும் உள்ள வித்தியாசமும் அதில் அடக்கம். அது உங்கள் கணவரின் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன் எடுத்து வைத்த சொந்தப் பணம்தான், ஆனால் கெடு தாண்டினால் போய்விடும். அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு கொண்டுபோகலாம், பில் அனுப்பக் கடைசித் தேதி எது என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர்பில், கூடவே அந்தந்த ஈஓபி, இரண்டையும் அனுப்புங்கள். ‘இல்லை’ என்று வந்த ஈஓபிக்கு இங்கே மதிப்பு அதிகம், இன்சூரன்ஸ் தரவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தூக்கமின்மை பில்லுக்கு மட்டும் டாக்டர் கடிதம் கேட்டாலும் கேட்பார்கள். ஒரே விசிட்டுக்கு இன்சூரன்ஸிலும் எஃப்எஸ்ஏவிலும் இரண்டு தடவை வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

மாமியார் விஷயத்தில் அந்த அக்குபங்சரிஸ்ட் உங்களை ஏமாற்றவில்லை. நிஜத்தைத்தான் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. மெடிகேர் 1980-லிருந்து அக்குபங்சருக்குப் பணம் இல்லை என்று சொல்லி வந்தது. அடிமையாக்கும் ஓபியாய்ட் வலி மாத்திரைகளால் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு, மாற்று வழி தேடும் பேச்சுக்கு நடுவே, 2020 ஜனவரி 21 அன்று ஒரே ஒரு நோய்க்குக் கதவைத் திறந்தது: நாள்பட்ட இடுப்பு வலி. 12 வாரமாவது நீடித்திருக்க வேண்டும்; புற்று, தொற்று போன்ற தெரிந்த காரணம் இருக்கக்கூடாது; அறுவை சிகிச்சையால் வந்ததாகவும் இருக்கக்கூடாது. 90 நாளுக்குள் 12 தடவை. முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8. வருஷத்துக்கு 20-க்கு மேல் இல்லை. முழங்கால் தேய்மானத்துக்குத் தராது. அதற்கு ஊசி போட்டால் முழுக்கக் கைப்பணம்.

ஆனால் லைசென்ஸ்டு அக்குபங்சரிஸ்ட் மெடிகேருக்கு நேரடியாக பில் போட முடியாது. டாக்டர் செய்யலாம், தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் செய்யலாம். அக்குபங்சரிஸ்ட் செய்வதானால் அப்படி ஒருவருடைய மேற்பார்வையில், அவர் பெயரில் பில் போக வேண்டும். தனியாகக் கடை வைத்திருப்பவர் கேஷ் கேட்பது அதனால்தான். அந்த கேஷ் ரசீதை நீங்கள் மெடிகேருக்கு அனுப்பினாலும் பலன் இல்லை. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த வலி கிளினிக்குகளில் டாக்டரும் அக்குபங்சரிஸ்டும் ஒரே கூரையில் இருப்பார்கள். அங்கே “இடுப்பு வலிக்கு அக்குபங்சர், மெடிகேருக்கு பில் போடுவீர்களா?” என்று கேளுங்கள். பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) டிடக்டபிள் தாண்டியிருந்தால் 20 சதவீதம் மட்டும் அவர் பங்கு. அவரிடம் இருப்பது சிவப்பு-வெள்ளை-நீல ஒரிஜினல் கார்டா, தனியார் கம்பெனியின் மெடிகேர் அட்வான்டேஜா என்று பாருங்கள். அட்வான்டேஜ் என்றால் இந்த இடுப்பு வலிக் கவரேஜைக் கண்டிப்பாகத் தர வேண்டும், சிலவற்றில் அதற்கு மேலும் கொடுப்பார்கள். நெட்வொர்க் தொல்லை மட்டும் உண்டு.

போவதற்கு முன் அவருடைய ஃபேமிலி டாக்டரிடம் ஒரு தடவை அழைத்துப் போங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், “எனக்கென்ன, முட்டிதான் கொஞ்சம்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நோட்டிலும் முட்டி மட்டுமே ஏறும். இடுப்பு எத்தனை மாதமாக வலிக்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, டாக்டர் அதைத் தேதியோடு எழுதுகிறாரா என்று பாருங்கள்.